விடுதலைப் பத்திரம்

பொம்மிடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். சேலம் பக்கம் போகும் ரயில் சத்தம் கேட்டால் பாடத்தை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்வோம். எதிரே ஏற்காடு மலை. மழைக்கு முந்தைய நாட்களில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

அமெரிக்கப் புரட்சி எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம். காரணம் எளிது, காரணங்களை வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். சர்க்கரைச் சட்டம் 1764, முத்திரைத்தாள் சட்டம் 1765, டவுன்ஷெண்ட் வரிகள் 1767, பாஸ்டன் படுகொலை 1770, தேநீர் விருந்து 1773. ‘பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை’ என்ற வாசகத்தை அடிக்கோடிட்டு எழுதச் சொல்வேன். அப்படி ஒரு மாலையில் கடைசி வரிசைப் பெண் கேட்டாள்: “மிஸ், கடல்ல கொட்டுனாங்களே, அந்த டீ யாரோடது?”

“கிழக்கிந்தியக் கம்பெனியோடது.”

“நம்மள ஆண்டுச்சே, அந்தக் கம்பெனியா?”

“அதே கம்பெனிதான்.”

“அப்ப அவங்க அங்க கொட்டுனதுக்கும் நமக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குல்ல மிஸ்?”

மறுநாள் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சொல்ல முடியவில்லை. பல மாதங்கள் படித்த பிறகு, அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களை அமெரிக்காவிலிருந்து துரத்தியது குடியேறிகளின் பாதுகாப்புக்காகத்தானே, செலவில் ஒரு பங்கை அவர்களும் ஏற்கட்டும் என்று லண்டன் நினைத்தது. கணக்காகப் பார்த்தால் நியாயம் போலத்தான் இருக்கிறது. அன்று இங்கிலாந்தில் இருந்த ஒருவர் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் பாஸ்டன்காரர் கட்டியது மிகச் சொற்பம். சினம் தொகையைப் பற்றியது அல்ல. எங்கள் மாகாணச் சபைகள் இருக்க, நாங்கள் ஒருவரையும் அனுப்பாத நாடாளுமன்றம் எங்கள் பணத்தில் எப்படிக் கை வைக்கலாம் என்பது கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்குச் சபை இருந்தது, அச்சகம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பாரமகாலுக்கு வரும்போது தேவைப்படும்.

இன்னொரு காரணத்தைப் பாடப்புத்தகங்கள் மெதுவாகச் சொல்லும். 1763ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு, அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்றது. அந்த நிலம் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுடையது. குடியேறிகளின் ‘சுதந்திர’ வேட்கைக்குள் அந்த நிலத்தின் மீதான ஆசையும் இருந்தது. பாஸ்டனில் தேயிலையைக் கொட்டியவர்கள் மோகாக் பூர்வகுடிகளைப்போல வேடமிட்டிருந்தார்கள். வேடம் மட்டும் வேண்டியிருந்தது.

இப்போது தேயிலை. டவுன்ஷெண்ட் வரிகளில் மற்றவற்றை 1770இல் நீக்கிவிட்டு, தேயிலை மீது பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டுவதற்காக. அதே 1770இல் வங்காளத்தில் பஞ்சம். ஒரு கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கம்பெனி நிலவரி வசூலை நிறுத்தவில்லை. அப்படியும் அதன் கஜானா தள்ளாடியது. லண்டன் கிடங்குகளில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு எடையுள்ள சீனத் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனி முழுகினால் அதில் பங்கு வைத்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலரும் முழுகுவார்கள். 1773இல் நாடாளுமன்றம் மூன்று வேலைகள் செய்தது: கம்பெனிக்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து வங்காளத்துக்கு கவர்னர் ஜெனரல் என்ற பதவியை உண்டாக்கியது, தேயிலைச் சட்டம் கொண்டுவந்து, கம்பெனி தன் தேயிலையை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பி மலிவாக விற்க வழி செய்தது.

ஆம், மலிவாக. தேயிலை விலை ஏறியதால் பாஸ்டன் கொதிக்கவில்லை, இறங்கியதால் கொதித்தது. வரியோடு சேர்த்தும் குறைந்த விலையில் கிடைத்தால் மக்கள் வாங்கிவிடுவார்கள், வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உள்ளூர் வணிகர்கள், கடத்தல் தேயிலை விற்றவர்கள் எல்லாருக்கும் அடி. 1773 டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. அதற்குச் சில வாரங்கள் முன்பு, பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரத்தில், வங்காளத்தைச் சூறையாடிப் பட்டினி போட்ட கம்பெனி இப்போது நம்மிடம் வருகிறது என்று எச்சரித்திருந்தார். என் மாணவி கேட்ட சம்பந்தத்தை அங்கே ஒருவர் அன்றே பார்த்திருக்கிறார்.

இந்தக் கதையில் பெண்கள் எங்கே? புறக்கணிப்பு என்பதே வீட்டுக்குள் நடந்த காரியம். எதை வாங்குவது, எதைக் காய்ச்சுவது, எதை உடுத்துவது என்பது அடுப்படியில் முடிவாவது. 1770 பிப்ரவரியில் பாஸ்டனின் முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகள் தேநீர் அருந்துவதில்லை என்று கையொப்பமிட்டார்கள். பிரிட்டிஷ் துணிக்குப் பதிலாக வீட்டு நூல் என்று கிளம்பியபோது, பெண்கள் போதகர் வீடுகளில் கூடி நாள் முழுதும் ராட்டை சுற்றினார்கள். 1774 அக்டோபர் 25 அன்று வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 51 பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் ஒரு தீர்மானத்தில் ஒப்பமிட்டார்கள். லண்டனில் அதைக் கேலிச்சித்திரமாக்கி விற்றார்கள். பல்லிளிக்கும் கிழவிகள், கொஞ்சல், மேசைக்கடியில் கவனிப்பாரில்லாத குழந்தை. கையெழுத்துப் போடும் பெண்ணைக் கேலி செய்ய அன்றைக்கும் இதே படம்தான்.

அந்தச் சித்திரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பினப் பெண் நிற்கிறாள், ஏவல் வேலைக்கு. அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

1781 ஏப்ரலில் பொட்டோமாக் ஆற்றில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து நின்றது. கரையில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணை. அங்கே அடிமைகளாக இருந்த 17 பேர் அந்தக் கப்பலில் ஏறித் தப்பினார்கள். அவர்களில் மூன்று பெண்கள்: லூசி, எஸ்தர், டெபோரா. டெபோராவுக்குப் பதினாறு வயது. அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். சரணடையும் முன், உணவு தீர்ந்து அம்மை பரவியபோது, தன்னை நம்பி வந்திருந்த கறுப்பின மக்களை முகாமைவிட்டு வெளியே துரத்தியவரும் அவர்தான். யார்க்டவுனுக்குப் பிறகு லூசியும் எஸ்தரும் பிடிபட்டு வாஷிங்டனின் பண்ணைக்கே திரும்பினார்கள். விடுதலைப் போரில் வென்றவரின் சொத்தாக.

டெபோரா சிக்கவில்லை. 1783இல் நியூயார்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறியவர்களின் பதிவேட்டில் அவள் இருக்கிறாள். வயது 20, முகத்தில் அம்மைத் தழும்பு, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் அடிமை. ஒருவருடைய சொத்தாக இருந்ததால் அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. இதையும் நினைவில் வையுங்கள்.

தோற்ற தளபதியை பிரிட்டன் வீட்டுக்கு அனுப்பவில்லை. 1786இல் கார்ன்வாலிஸ் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார், தேயிலைச் சட்டம் வந்த அதே ஆண்டில் உண்டாக்கிய அந்தப் பதவிக்கு. 1790இல் திப்பு சுல்தானுடன் மூன்றாம் மைசூர்ப் போர். தானே படை நடத்தி வந்தார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கம்பெனியின் பங்குக்கு வந்தவற்றில் மலபார், திண்டுக்கல்லோடு பாரமகாலும் சேலமும் இருந்தன. தருமபுரியும் பாப்பிரெட்டிப்பட்டியும் பொம்மிடியும் உள்ள எங்கள் சீமை. யார்க்டவுனில் அமெரிக்காவைத் தொலைத்த கை பதினோரு ஆண்டுகளில் எங்களை வாங்கிக்கொண்டது. திண்ணையில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒருத்தி, “அப்ப அவங்க ஜெயிச்சதுக்கு நாம பில்லு கட்டுனமா மிஸ்?” என்றாள். அப்படி நேர்க்கோடு போட முடியாது என்று சொன்னேன், வரலாற்று ஆசிரியை என்றால் அப்படித்தானே சொல்ல வேண்டும்.

பாரமகாலை நிர்வகிக்க கார்ன்வாலிஸ் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. அவர்களுக்கு இந்த ஊர்ப் பாஷை தெரியாது, கையும் சுத்தமில்லை என்று ராணுவத்திலிருந்து கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடை அனுப்பினார். அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் ஏழு ஆண்டுகள் இருந்தார், வீடு கட்டித் தோட்டம் போட்டார், போகும்போது அந்தத் தோட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் கடிதம் எழுதினார். பின்னாளில் சென்னை மாகாண கவர்னராகி, 1827இல் காலராவில் இறந்தார்.

வங்காளத்தில் கார்ன்வாலிஸ் ஜமீன்தார்களோடு நிரந்தர ஒப்பந்தம் போட்டது 1793. அதே ஆண்டுகளில் ரீடும் மன்றோவும் எங்கள் மண்ணில் வேறொன்றைச் செய்துபார்த்தார்கள். இடையில் ஜமீன் வேண்டாம், ஒவ்வொரு வயலையும் அளந்து, அதற்குத் தீர்வை வைத்து, ஒவ்வொரு ரயத்திடமிருந்தும் நேராக வசூலிப்பது. ரயத்துவாரி. முதலில் பல ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து முடிப்பது என்று ஆனது. இன்றும் வருடத்துக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி என்று பந்தல் போட்டு மனு வாங்குகிறார்களே, அதன் வேர் அங்கேதான். பட்டா, சிட்டா, அடங்கல், கிஸ்தி என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் வேறு வேறு காலத்தவை. அவை ஒரே கட்டாகச் சேர்ந்து நம் வாழ்க்கையை ஆளத் தொடங்கியது அந்த ஏற்பாட்டில்.

ரயத்துவாரியை நல்ல ஏற்பாடு என்று சொல்வார்கள். ஜமீனோடு ஒப்பிட்டால் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தீர்வை கடுமை. மன்றோவே 1807இல், தான் பிறகு கலெக்டராக இருந்த ஆந்திரப் பகுதிகளில், தீர்வையை நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று எழுதினார். கட்ட முடியாதவர்களை என்ன செய்தார்கள் என்பதற்கு 1855ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை இருக்கிறது. அண்ணாந்தாள், கிட்டி என்ற தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே வருகின்றன. குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டுவது முன்னது, விரல்களை மரக் கிட்டியில் நெரிப்பது பின்னது. பாஸ்டனுக்கு மூன்று பென்ஸ்.

இங்கே ஏன் ஒரு பாஸ்டன் நடக்கவில்லை? தெற்கே நடந்தது. 1801இல் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். எங்கள் பக்கத்து ரயத்துக்கு, பறிக்கப்பட்டது என்று புகார் சொல்ல ஒரு சபை முன்பே இருந்ததில்லை. ‘ஆங்கிலேயனின் உரிமை’ என்று உரிமை கோர அவன் ஆங்கிலேயனும் இல்லை. அவன் செய்யக்கூடியது ஒன்று: நிலத்தைப் போட்டுவிட்டு வேறு சீமைக்குப் போவது. பெண் அதையும் தனியாகச் செய்ய முடியாது.

1813இல் லண்டன் நாடாளுமன்றத்தில் மன்றோ சாட்சியம் சொன்னார். இந்தியர்கள் நாகரிகமற்றவர்கள் அல்லர் என்று வாதாடினார். நல்ல விவசாயம், கைத்தொழில், ஊர்தோறும் பள்ளி, விருந்தோம்பல் என்று அடுக்கி, கடைசியில் பெண்களை நம்பிக்கையோடும் மரியாதையோடும் நடத்துவதையும் சேர்த்துக்கொண்டார். நாகரிகத்தில் கொடுக்கல் வாங்கல் நடந்தால் லாபம் இங்கிலாந்துக்குத்தான் என்றார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் மன்றோ ஐயா, தருமபுரியில் ஏழு வருடம் குதிரையில் ஊர் ஊராகப் போனீர்களே, ராகி வயலில் நடவும் களையும் அறுப்பும் யார் கையில் நடந்தது என்று பார்த்திருப்பீர்கள். பட்டாவில் யார் பெயரை எழுதினீர்கள்? கணவன் இல்லாத பெண்கள் சிலர் பெயரில் பட்டா இருந்தது உண்டு. வழக்கம் அதுவல்ல. வரி கட்டுபவன் என்று ஒருவனைத் தேடிய அரசு, ஆணைக் கண்டு எழுதிக்கொண்டு போனது. டெபோரா சொத்தாக இருந்ததால் ஏட்டில் ஏறினாள். எங்கள் பாட்டிகள் சொத்து இல்லாததால் ஏறவில்லை.

ராட்டையையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் சீமாட்டிகளுக்கு ராட்டை ஒரு நாள் அரசியல், அடுத்த நாள் செய்தித்தாளில் பாராட்டு. நம் ஊர்களில் நூல் நூற்றவர்கள் விதவைகள், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள், வயலில் வேலை இல்லாத மாதங்களில் கூழுக்கு வழி தேடியவர்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலை நூல் வந்து அந்தக் காசைத் தின்றது. சேலத்து நெசவாளியாவது ஆலை நூலை வாங்கித் தறியில் போட்டார். நூற்றவளுக்கு மாற்று எதுவும் இல்லை. 1876–78 பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் – நாங்களும் அதில்தான், தருமபுரி தனி மாவட்டமானது 1965இல் – 1871க்கும் 1881க்கும் இடையே ஏறத்தாழ 19.7 லட்சத்திலிருந்து 16 லட்சமாகச் சுருங்கியது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு அரைவயிற்றுக் கூலி, பெண்களுக்கு அதிலும் குறைவு.

என் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா பெயரில் இரண்டரை ஏக்கர் இருந்தது. மரவள்ளியும் ராகியும் மாறி மாறிப் போடுவோம். அப்பாவுக்கு ரயில்வேயில் கேங் வேலை, எனவே நிலம் அம்மாவின் பொறுப்பு. கிஸ்தி கட்டப் போவதும் அம்மாதான், முந்தானையில் காசை முடிந்துகொண்டு. ரசீது அப்பா பெயருக்கு வரும். 2009இல் அப்பா இறந்தார். சட்டப்படி அம்மா, அண்ணன், நான், தங்கை நால்வரும் வாரிசுகள். தமிழ்நாட்டில் 1989லேயே, நாடு முழுவதும் 2005இலும், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

காரியம் முடிந்த மூன்றாம் வாரம் அண்ணன் ஒரு காகிதக் கட்டோடு வந்தார். “பட்டா மாத்தணும்மா, பேங்க்ல கேக்கறாங்க.” அம்மா கைநாட்டு. தங்கை கையெழுத்து. நானும் போட்டேன். போடும்போது தலைப்பைப் பார்த்தேன்: விடுதலைப் பத்திரம். நம் பங்கை நாமே விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்குத் தமிழில் அதுதான் பெயர். விடுவிப்பவர்கள் நாங்கள். விடுதலை பெறுபவர் அவர். மாலையில் அதே கையால் சுதந்திரப் பிரகடனம், 1776 ஜூலை 4 என்று எழுதிப்போட்டேன்.

அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், எதற்கு வைத்தீர்கள் என்று. “நான் என்னத்தக் கண்டேன்? காட்டுன எடத்துல வெச்சேன். பொறந்த வூட்டு வாசப்படி உங்களுக்கு வேணும்ல?” என்றார். அண்ணன் கெட்டவர் அல்ல. தீபாவளிக்குப் புடவை வரும். பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் கெட்டவர்களால் நிறைந்திருக்கவில்லை. உங்களுக்காகவும் சேர்த்துத்தான் நாங்கள் யோசிக்கிறோம் என்றுதான் சொன்னது, அதற்கு ‘மறைமுகப் பிரதிநிதித்துவம்’ என்று பெயரும் வைத்தது. அந்தப் பகுதியை இப்போதெல்லாம் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்து நடத்துகிறேன்.

சுதந்திரம் பெற்ற அமெரிக்காவும் தன் பெண்களுக்கு இதையேதான் சொன்னது. மணமானவளின் சொத்து கணவனுடையது என்ற ஆங்கிலச் சட்டம் தொடர்ந்தது. நியூஜெர்சி மட்டும் சொத்துள்ள தனிப் பெண்களை ஓட்டுப் போட விட்டது, 1807இல் அதையும் எடுத்துவிட்டது. நம் மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோதும் அது சொத்தோடு கட்டப்பட்டிருந்தது. பட்டாவில் பெயர் இல்லாதவளுக்கு அந்த ஓட்டால் என்ன?

தேயிலைக்கே திரும்பினால், என் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது 2015 செப்டம்பர் மூணாறு. தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், போனஸைப் பாதியாகக் குறைத்ததை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்களுக்காகப் பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கூடை சுமப்பது நாங்கள், பேசுவதும் நாங்கள் என்று சொல்லி 20 சதவீத போனஸை வாங்கினார்கள். தேயிலையும் பிரதிநிதித்துவமும் ஒரே வாக்கியத்தில் வரும் நிகழ்ச்சி பாடத்தில் ஒன்றுதான். எனக்குத் தெரிந்து இரண்டு.

அந்தக் கடைசி வரிசைப் பெண் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன கோடையில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். தாத்தா நிலத்தைப் பிரிக்கிறார்கள், திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள், நகலை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன் என்றாள். “போட வேணாம்னு சொல்லல மிஸ். என்னன்னு படிச்சுட்டுப் போடலாம்னுதான்.” ஸ்டேஷன் எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்கு பக்கம். சர்வே எண், நான்கெல்லை, கிணற்றில் பங்கு, வண்டிப்பாதை. அவள் சத்தமாகப் படித்தாள், புரியாத இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்கும் புரியாத இடங்களில் பேனாவால் கோடு போட்டோம். மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது டீ ஆறிவிட்டிருந்தது.